துக்க வீட்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வி

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மேடையில் பேசிப் பழக்கம் உண்டு. சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் காலமானபோது, மதச் சடங்குகள் வேண்டாம் என்று அவர் எழுதிவைத்திருந்ததால், இறுதி நிகழ்வை நடத்தித் தரும்படி அவருடைய மனைவி என்னைக் கேட்டார். நடத்தினேன். அதன் பிறகு இரண்டு குடும்பங்கள் அழைத்துவிட்டன. இதையே ஒரு பணியாகச் செய்யலாமா என்று யோசிக்கிறேன். அனுமதி ஏதாவது பெற வேண்டுமா? அழுதுகொண்டிருக்கும் குடும்பத்திடம் பேச்சை எப்படித் தொடங்குவது? அவர்கள் அழும்போது எனக்கும் அழுகை வந்துவிடுகிறதே, அது தகுதிக் குறைவா?

பதில்: அனுமதி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். திருமணத்தை நடத்திவைப்பவருக்குப் பல நாடுகளில் அரசின் அங்கீகாரம் தேவை. அங்கே சட்டப்படி ஓர் உறவு பிறக்கிறது. இறுதி நிகழ்வில் அப்படி எதுவும் பிறப்பதில்லை. இறப்பைப் பதிவு செய்தார்களா, உடலை அடக்கம் செய்யவோ எரியூட்டவோ முறைப்படி ஒப்புதல் பெற்றார்களா என்பதில்தான் சட்டத்துக்கு அக்கறை. நடுவில் நின்று பேசுகிறவர் யார் என்று அது பொதுவாகக் கேட்பதில்லை. உங்கள் நாட்டு விதியை மட்டும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பணி பிறந்த கதையும் அப்படித்தான். 1973இல் ஆஸ்திரேலியாவின் அட்டர்னி ஜெனரலாக இருந்த லயனல் மர்பி, மதகுருமார் அல்லாதவர்களையும் திருமணம் நடத்திவைக்க நியமித்தார். செலிபிரன்ட் என்று அவர்களுக்குப் பெயர். சில ஆண்டுகளிலேயே மக்கள் அவர்களிடம், எங்கள் வீட்டு இழவுக்கும் வந்து நாலு வார்த்தை பேசுங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். திருமண வேலையைச் சட்டம் கொடுத்தது. சாவு வேலையை மக்களே கொடுத்தார்கள். உங்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். மேடைப் பழக்கம் இருப்பது நல்லது. ஆனால் இருபது நிமிட நிகழ்வு ஒன்றுக்கு எனக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் பிடிக்கிறது. பேசுவது அந்த இருபது நிமிடம் மட்டுமே. மற்ற நேரமெல்லாம் கேட்பது, எழுதுவது, எழுதியதைச் சரிபார்ப்பது.

முதல் சந்திப்பில் பலரும் "அவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்குகிறார்கள். முந்தாநாள் அப்பாவைப் பறிகொடுத்தவரிடம் எழுபது ஆண்டு வாழ்க்கையை ஒரே மூச்சில் கேட்டால் அவர் என்ன செய்வார்? "நல்ல மனிதர், யாருக்கும் உதவுவார்" என்பார். எந்தப் படத்துக்குக் கீழேயும் போட்டுவிடக்கூடிய வாக்கியம் அது. நான் கேட்பது: "வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள்?" மனைவி ஒரு பெயரைச் சொல்வார், பேரப்பிள்ளைகள் இன்னொன்று. அண்ணன் மட்டும் சிறுவயதுப் பட்டப்பெயரைச் சொல்லிச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொள்வார். அந்தச் சிரிப்போடு வீட்டின் இறுக்கம் கொஞ்சம் தளரும். அதன் பிறகும் சின்னக் கேள்விகள்தான். சட்டைப் பையில் எப்போதும் என்ன வைத்திருப்பார்? எதற்குக் கோபம் வரும்? போனை எடுத்ததும் என்ன சொல்வார்?

இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு மகன் தந்த பதில் இன்னும் நினைவில் இருக்கிறது. "கையில் பணம் இருக்கிறதா என்று கேட்பார்." மகனுக்கு வயது ஐம்பது, சொந்தத் தொழில், வசதிக்குக் குறைவில்லை. ஆனாலும் அப்பாவிடமிருந்து தினமும் அதே கேள்வி. அஞ்சலி உரையை நான் அந்தக் கேள்வியில்தான் தொடங்கினேன். முன்வரிசையில் பாதிப்பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களிடமும் அவர் அதையே கேட்டிருக்கிறார்.

கூடத்தில் அதிகம் பேசுபவர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் மூத்த மருமகனோ, சித்தப்பாவோ. தகவல்களை அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் சுவரோரம் பேசாமல் உட்கார்ந்திருப்பவர் பக்கம் ஒரு தடவையாவது திரும்புங்கள். கடைசி ஆறு மாதம் உடம்பு துடைத்துவிட்டவர் பெரும்பாலும் அவர்தான். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். குறிப்பேட்டை மூடி, விடைபெற்று, வாசல் வரை வந்த பிறகுதான் யாராவது ஒருவர் பின்னாலேயே வந்து, "இதைச் சொல்லலாமா தெரியவில்லை…" என்று தொடங்குவார். அந்த ஐந்து நிமிடத்துக்கும் சேர்த்து நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

பெயர்களில் நான் பட்ட அடியைச் சொல்கிறேன். தொடக்க காலத்தில் ஒரு நிகழ்வில் உடன்பிறந்தோர் பட்டியலை வாசித்தபோது ஒரு தம்பியின் பெயர் விட்டுப்போனது. பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாததால் குடும்பம் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் கடைசி வரிசையில் நின்றிருந்தார். நிகழ்வு முடிந்ததும் என்னிடம் வந்து, "எனக்கும் அவர் அண்ணன்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து எல்லாக் குடும்பத்திடமும் நேராகவே கேட்கிறேன்: சொல்லாமல் விட்ட பெயர் ஏதாவது இருக்கிறதா? முதல் திருமணத்துப் பிள்ளைகள், பிறந்தவுடன் இறந்த குழந்தை, வீட்டை விட்டுப் போனவர்? சேர்ப்பதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. ஆனால் விட்டால் தெரிந்தே விட வேண்டும். எழுதிய உரையை முதல்நாளே அவர்களுக்கு அனுப்பி, ஒவ்வொரு பெயரையும் தேதியையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். உச்சரிப்பில் சந்தேகம் இருந்தால் அவர்களையே சொல்ல வைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இறந்தவர் நல்லவராக இல்லாவிட்டால்? இதை நீங்கள் கேட்கவில்லை, சீக்கிரமே கேட்பீர்கள். குடித்துக் குடும்பத்தைச் சீரழித்தவரை "அன்பே உருவானவர்" என்று புகழ்ந்தால், அடிவாங்கிய பிள்ளைகள் இன்னொரு முறை அவமானப்பட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதற்காகக் குற்றப்பத்திரிகை வாசிக்கவும் முடியாது. "அவரோடு வாழ்வது எல்லா நாளும் எளிதாக இருந்ததில்லை, இங்கே இருப்பவர்கள் அதை அறிவார்கள்" என்று இரண்டு வரி. குடும்பத்திடம் காட்டி ஒப்புதல் வாங்கிய இரண்டு வரி. அது போதும். சபையில் பலருக்கு அப்போதுதான் மூச்சு வரும்.

தற்கொலையாக இருந்தால், காரணத்தைச் சபையில் சொல்வதா என்பதைக் குடும்பமே தீர்மானிக்கட்டும். சொல்வதென்றால் "தற்கொலையால் இறந்தார்" என்று நேராகச் சொல்லிக் கடந்துவிடுங்கள். எப்படி என்ற விவரம் ஒரு சொல் கூட வேண்டாம். கடன்தான் காரணம், அவள்தான் காரணம் என்று ஒற்றைக் காரணமும் வேண்டாம். "இனியாவது நிம்மதி அடைந்தார்" என்ற வாக்கியத்தை நிச்சயம் தவிர்த்துவிடுங்கள். அதே எண்ணத்தோடு போராடிக்கொண்டிருக்கும் ஒருவர் கூட்டத்தில் இருந்தால், அது அவர் காதில் வேறு மாதிரி விழும்.

குழந்தைகளிடம் "தாத்தா தூங்குகிறார்" என்று பெரியவர்கள் சொல்லிவைப்பார்கள். அன்றிரவு குழந்தை தூங்கப் பயப்படும். "இறந்துவிட்டார், அவர் உடம்பு இனி வேலை செய்யாது, அவருக்கு வலிக்காது" என்பதைச் சின்னப் பிள்ளையும் தன் அளவுக்குப் புரிந்துகொள்ளும். நிகழ்வுக்கு வருவதா என்று பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். வந்தால், பாதியில் வெளியே அழைத்துப்போகத் துக்கத்தில் அதிகம் மூழ்காத ஒருவரைத் துணைக்கு வைக்கச் சொல்லுங்கள்.

குடும்பத்திடம் என்ன சொல்வது என்று தெரியாமல் தவிக்கும்போது நாக்கு நுனியில் வந்து நிற்பவை எல்லாம் தேய்ந்த வாக்கியங்கள்தாம். காலம் ஆற்றும், தைரியமாக இருங்கள், நல்ல சாவு, வயதாகிவிட்டதே. எண்பது வயதுக்காரர் இறந்தாலும் அறுபது ஆண்டு அவரோடு வாழ்ந்தவளுக்கு அது வயதான சாவு இல்லை. ஒன்றும் தோன்றவில்லை என்றால் பேசாமல் இருங்கள். மௌனத்தை நிரப்பத் துடிப்பது ஆசிரியர்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு; நானும் முன்னாள் ஆசிரியர் என்பதால் சொல்கிறேன்.

துயரத்துக்கு ஐந்து படிநிலைகள் உண்டு என்று எங்காவது படித்திருப்பீர்கள். 1969இல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் அதை முன்வைத்தபோது, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதிலிருந்துதான் எழுதினார். இழந்து நிற்பவர்கள் வரிசையாக ஏறிக் கடக்க வேண்டிய படிக்கட்டாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அதிகம் உதவியது, 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கிய ஊசலாட்டம். துக்கத்தில் இருப்பவர் ஒரு நேரம் இழப்புக்குள் மூழ்குவார், இன்னொரு நேரம் அன்றாட வேலைக்குள் போய்விடுவார், மறுபடி திரும்புவார். பத்து மணிக்குக் கதறிய மனைவி பதினொரு மணிக்கு வங்கிக் கணக்கை யார் பெயருக்கு மாற்றுவது என்று கேட்டால், உறவினர்கள் முகம் சுளிப்பார்கள். நீங்கள் சுளிக்காதீர்கள்.

நீங்கள் மனநல ஆலோசகர் இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். யாராவது "நானும் அவரோடே போய்விடுகிறேன்" என்றால் அழுகையோடு வந்த பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று தனியே, நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இருக்கிறது என்றால் அவரைத் தனியே விடாமல், குடும்பத்தில் ஒருவருக்குச் சொல்லி, மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். மாதங்கள் கடந்தும் துக்கம் துளியும் இளகாமல் அன்றாட வாழ்வு முடங்கிப்போனால், அதற்கும் நீடித்த துயரக் கோளாறு என்ற பெயரும் சிகிச்சையும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு அதற்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச எல்லை 6 மாதம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது.

நிகழ்வு நாளுக்குச் சில கைப்பழக்கங்கள். உரையைக் காகிதத்தில், பெரிய எழுத்தில், தாளின் ஒரு புறம் மட்டும் அச்சிட்டுப் பக்க எண் போடுங்கள். ஒரு வாக்கியம் இரண்டு பக்கத்தில் உடையக்கூடாது. கைபேசியிலிருந்து வாசித்தால் நடுவில் யாராவது அழைப்பார்கள். இசையை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் ஓட விட்டு, ஒரு தாயின் பெட்டி இறங்கும் நேரத்தில் விளம்பரம் கேட்ட கூட்டத்தில் நான் நின்றிருக்கிறேன். இடம் அரை மணி நேரத்துக்குக் கிடைத்திருந்தால் இருபது நிமிடத்துக்கு மட்டும் எழுதுங்கள். ஆட்கள் உள்ளே வந்து அமரவும் எழுந்து போகவும் மீதி சரியாக இருக்கும்.

குடும்பத்தில் ஒருவர் வாசிக்கிறார் என்றால் அவருடைய பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒரு மகள் மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். தாள் நடுங்கியது. முன்பே பேசிவைத்திருந்தபடி நான் பக்கத்தில் போய் நின்றேன், தாளை வாங்கவில்லை. மனத்துக்குள் பத்து வரை எண்ணினேன். எட்டில் அவள் தொடர்ந்தாள். தொடராவிட்டால் என் தோளைத் தொடுவதாக ஏற்பாடு.

கட்டணத்தை அவர்கள் கேட்பதற்கு முன்பே, முதல் தொலைபேசிப் பேச்சிலேயே சொல்லி, எழுத்திலும் கொடுத்துவிடுங்கள். துக்கத்தில் இருப்பவர் பேரம் பேச மாட்டார். அதனால்தான் முன்பே சொல்ல வேண்டும். பச்சிளம் குழந்தைகளின் இறுதி நிகழ்வுக்கு நான் கட்டணம் வாங்குவதில்லை.

உங்கள் அழுகைக்கு வருகிறேன். தகுதிக் குறைவு இல்லை. ஆனால் அன்று சபைக்கு ஒரு நிலையான குரல் தேவை; அதற்குத்தான் உங்களை அழைத்திருக்கிறார்கள். வீட்டில் சத்தமாக மூன்று நான்கு முறை வாசியுங்கள். உங்களை உடைக்கும் வரி எது என்று அங்கேயே தெரிந்துவிடும். அங்கேயே அழுது தீருங்கள். அந்த வரிக்கு முன்னால் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்: நிறுத்தி மூச்சு விட. அப்படியும் கண் கலங்கினால் கலங்கட்டும், துடைத்துக்கொண்டு தொடரலாம். ஒரே நாளில் இரண்டு நிகழ்வுகளை ஏற்காதீர்கள். உங்கள் வீட்டில் துக்கம் நடந்தால் சில மாதம் விலகியிருங்கள்.

முடிந்த பிறகு உரையின் நல்ல பிரதி ஒன்றைக் குடும்பத்துக்குக் கொடுங்கள். அன்று அவர்கள் பாதியைத்தான் கேட்டிருப்பார்கள். சில வாரம் கழித்து ஒரு முறை போன் செய்து விசாரிக்கலாம். அதற்கு மேல் அவர்கள் அழைத்தால் மட்டும். அடுத்த குடும்பத்தைப் பார்க்கப் போகுமுன், பழைய குறிப்பேட்டில் அந்த வீட்டுப் பக்கங்களைக் கிழித்து அழித்துவிடுங்கள். வாசல் வரை வந்து சொன்ன விஷயங்கள் அதில் இருக்கும்.