நடுத்தர வயதில் கள்ளத்தொடர்பை வைத்து நகைச்சுவை நாவல் எழுதினால் வீட்டில் பிரச்சினை வருமா?

"47 வயதாகிறது, கல்யாணத்துக்கு வெளியே ஒரு உறவு என்பதை வைத்து லேசாக ஒரு நாவல் எழுத ஆசை, மனைவி தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று பயம்" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். பிள்ளை கல்லூரிக்குப் போயிருப்பான், வீட்டுக் கடனில் பாதி அடைந்திருக்கும், ராத்திரி பத்தரைக்கு மேல் வீடு அமைதியானதும் நமக்கும் எழுத வரும் போலிருக்கிறதே என்று தோன்றியிருக்கும். எனக்கும் 2016இல், 46 வயதில், அப்படித்தான் தோன்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கள்ளத்தொடர்பை நியாயப்படுத்துகிறான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கொலைக் கதை எழுதுகிறவர்கள் எல்லாம் கத்தியோடா அலைகிறார்கள்? என் ஹீரோ கதை முழுக்கக் கல்பனா என்ற பெண்ணோடு ஏழு தடவை காபி குடிக்கிறான், ஒரு தடவை சமயபுரம் போகிறான், அவ்வளவுதான்.

கல்பனாவும் கல்யாணமானவள். கிளைமாக்ஸில் அவள் புருஷன் "497 போடுவேன்" என்று ஆபீஸுக்கே வந்து நிற்பான், நம்ம ஆள் பழைய ஃபைல் அறையில் ஒளிந்துகொள்வான். காபிக்கெல்லாம் 497 வராது என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. அந்தப் பிரிவு ஒரு விசித்திரம். கள்ளத்தொடர்பைக் குற்றமாக்கிய 1860ஆம் வருட இந்திய தண்டனைச் சட்டத்துப் பிரிவு. அடுத்தவன் மனைவியோடு அந்தப் புருஷன் சம்மதமில்லாமல் உறவு வைத்தால் ஆணுக்கு ஐந்து வருடம் வரை சிறை, பெண்ணுக்குத் தண்டனை கிடையாது, புகார் கொடுக்கிற உரிமை அவள் புருஷனுக்கு. தப்பு செய்தவனின் பெண்டாட்டி புகாரே கொடுக்க முடியாது. என் காமெடியே அதில்தான் இருந்தது. நம்ம ஆளின் மனைவி ஸ்டேஷனுக்குப் போய், "கல்பனா புருஷனுக்கு ஒரு செக்‌ஷன் இருக்கு, எனக்கு ஒண்ணும் இல்லையா சார்?" என்று கேட்பாள். நான் எழுதியதிலேயே உருப்படியானது அந்தக் காட்சிதான்.

இருபத்திரண்டு அத்தியாயத்தில் பத்தொன்பது முடித்திருந்தேன். 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் அந்தப் பிரிவே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். ஆபீஸ் கேன்டீன் டிவியில் ஓடுகிறது. ஒரு மேஜையில் கலாசாரம் போச்சு என்கிறார்கள், இன்னொரு மேஜையில் நல்ல தீர்ப்பு என்கிறார்கள், நான் மட்டும் கையில் வடையோடு என் இருபதாம் அத்தியாயத்துக்குத் துக்கம் காத்துக்கொண்டிருந்தேன். (தீர்ப்பு சரிதான், அதில் எனக்கு வேறு கருத்து இல்லை. விவாகரத்து கேட்க அது இன்னமும் ஒரு காரணம்தான், ஜெயில்தான் கிடையாது.) வேறு வழியில்லாமல் கதையை 2015க்குத் தள்ளினேன். தள்ளினால், ஏழாம் அத்தியாயத்தில் அவன் ஹோட்டலில் நீட்டுகிற 2000 ரூபாய் நோட்டு இடிக்கிறது. அந்த நோட்டு வந்ததே 2016 நவம்பரில். இப்படி ஒவ்வொன்றாகத் தேய்த்து முடிக்க இன்னும் ஒரு வருடம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிரின்ட் எடுத்து மனைவியிடம் கொடுத்தேன். குக்கர் வைத்துவிட்டு, துணி மடித்துவிட்டு என்று மூன்று நாள் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் நீங்கள் பயப்படுகிற அதே கேள்விக்கு, "யாருங்க அந்தக் கல்பனா?" என்பதற்கு, பதில் தயாராக வைத்திருந்தேன். நாலாம் நாள் ராத்திரி கேட்டாள், "பஸ் டிக்கெட் நம்பரைக் கூட்டிப் பார்க்கிறது யாரு?"

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவள் டிக்கெட் எண்ணைக் கூட்டுவாள். ஒன்பது வந்தால் வாட்ச் பட்டைக்கு அடியில் செருகிக்கொள்வாள், வராவிட்டால் என் சட்டைப் பையில் போட்டுவிடுவாள். இருபது வருடமாகப் பார்க்கிறேன். அதை அப்படியே கல்பனாவுக்குக் கொடுத்திருந்தேன்.

"பல்லவி தெரியாம சரணத்தை மட்டும் பாடறது யாரு? காபியில கடைசி வாயை மிச்சம் வைக்கிறது யாரு? எல்லாத்தையும் எடுத்து அவகிட்ட குடுத்துட்டீங்க. பெண்டாட்டிக்கு என்ன வெச்சிருக்கீங்க? கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சான்னு நாலு தடவை கேக்கறா."

அவள் தூங்கின பிறகு எண்ணிப் பார்த்தேன். ஐந்து தடவை.

சந்தேகப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன் சார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாளே டிக்கெட், சரணம், காபி எல்லாவற்றையும் பிடுங்கி மனைவி பாத்திரத்துக்கு மாற்றினேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பதிப்பகம் என்று ஒருவரிடம் மாட்டினேன், பெயர் வேண்டாம். 300 பிரதிக்கு 42,000 ரூபாய் வாங்கினார், அதில் புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என் எண்ணுக்கு என்று தனியாக 2,500. அந்த எண் நம் நாட்டில் இலவசம்! டெல்லியில் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இருக்கிற அரசு முகமை கொடுக்கிறது, எழுதியவரே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். போகட்டும், பிழை திருத்துகிறேன் பேர்வழி என்று பதினோரு இடத்தில் கல்பனாவைக் 'கற்பனை' ஆக்கிவிட்டார். "கற்பனை அவன் தோளில் சாய்ந்தாள்." இதைப் புத்தகமாகப் பார்க்கவா நாலு வருடம் உழைத்தேன்? 210 பிரதி இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. என் மச்சினர் வேறு ஒவ்வொரு விசேஷத்திலும் நாலு பேர் முன்னால், "மாப்பிள்ளை, நமக்கு ஒண்ணு ஓசியில கிடையாதா?" என்பார். இரண்டு கொடுத்தாயிற்று.

முழுசாகப் படித்தவர் என்று பார்த்தால் ஆபீஸ் நண்பர் ஒருவர்தான். மனைவி பாத்திரம் அருமை என்றார், "ஆனா அந்தக் கல்பனா கேரக்டர் நிக்கவே இல்லையே" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நிக்கலைன்னா உட்காரட்டும்."