ஏற்காட்டில் காய்ந்த மரம் சேலத்தில் ஏன் சுருங்குகிறது?
(சில்வர் ஓக், ஓக் மரவேலை: கேள்வி-பதில்)

எங்கள் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக்கை அறுத்து, ஏற்காட்டிலேயே ஒரு வருடம் அடுக்கி வைத்தோம். அதில் சேலம் வீட்டுக்கு அலமாரிக் கதவு செய்தோம். பங்குனியில் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டுவிட்டது. மரம் காயவில்லையா? (அஸ்தம்பட்டி)

காய்ந்திருக்கிறது, ஆனால் ஏற்காட்டுக் காற்றுக்குத் தகுந்த மாதிரி. மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைச் சமன் செய்துகொள்ளும். மலையில் மழைக்காலத்தில் அது 16–18 சதவீதத்தில் நிற்கும். சேலத்துக் கோடையில் 10-க்கும் கீழே இறங்கும். 150 மி.மீ. அகலப் பலகை 5 சதவீத ஈரத்தை இழந்தாலே ஏறக்குறைய 2 மி.மீ. சுருங்கும். கதவில் அப்படி நாலு பலகை இருந்தால் கணக்கைப் பாருங்கள்.

அடுத்த முறை பலகையைக் கீழே கொண்டுவந்து, வேலை நடக்கப்போகும் வீட்டிலேயே காற்றாட அடுக்கி, ஒரு கோடையைக் கடத்திவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள். ஈரத்தைச் சோதிக்க, பலகையின் நுனியிலிருந்து 30 செ.மீ. தள்ளி ஒரு துண்டு அறுத்து எடை போடுங்கள். 103 டிகிரி அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை வைத்து மறுபடி எடை பாருங்கள். முதலில் 115 கிராம், கடைசியில் 100 கிராம் என்றால் ஈரம் 15 சதவீதம். நுனித் துண்டை எடுத்தால் உள்ளதைவிடக் காய்ந்ததாகக் காட்டும்.

செய்த கதவில் இடைவெளியைப் பட்டி வைத்து அடைக்காதீர்கள். ஐப்பசி மழையில் பலகை திரும்ப விரியும்போது சட்டத்தையே தள்ளிவிடும்.

பலகை முறுக்காமல் அடுக்குவது எப்படி? (நாகலூர்)

அறுத்த அன்றே இரு நுனிகளிலும் மெழுகோ கெட்டியான பெயின்ட்டோ இரண்டு கோட் பூசிவிடுங்கள். நுனி வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மட்டமான மேடை வேண்டும். ஒரே கனமுள்ள பலகைகளை ஒரே அடுக்கில் வையுங்கள். நடுவே 25 மி.மீ. காய்ந்த ரீப்பர் (குறுக்குச் சட்டம்), 45 செ.மீ.க்கு ஒன்று. ஒரு ரீப்பருக்கு நேர் மேலேதான் அடுத்த ரீப்பர் வர வேண்டும். பிசகினால் இரண்டுக்கும் நடுவே பலகை தொய்ந்து, அப்படியே காய்ந்துவிடும். பிறகு இழைத்தாலும் நேராகாது. மேலே கூரையும் நல்ல பாரமும் தேவை. சேலத்தில் அடுக்கினால் சித்திரை வெயிலில் பக்கங்களுக்குச் சாக்குப் படுதா கட்டுங்கள். வேகமாகக் காய்ந்தால் மேல்தோல் கீறும்.

25 மி.மீ. கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. சில்வர் ஓக் அதற்கு முன்பே காயும். எடை பார்த்து முடிவு செய்யுங்கள்.

கட்டிலுக்கு அடியில் மாவு போலப் பொடி கொட்டுகிறது. கரையானா? (கொண்டலாம்பட்டி)

கரையான் மண்பாதை கட்டும். இது உளு. மரத்தின் வெளிப்பக்க வெள்ளைப் பகுதியில் உள்ள மாவுச்சத்தைத் தின்னும் வண்டு. ஓட்டை 1–2 மி.மீ. இருக்கும். பொடியைத் தட்டிவிட்டு, கறுப்புத் தாள் விரித்து இரண்டு வாரம் பாருங்கள். புதிதாகக் கொட்டினால் உள்ளே உயிரோடு இருக்கிறது. அந்தக் கட்டையை மாற்றுவதே நல்லது, மேலே பூசும் மருந்து ஆழத்துக்கு இறங்காது.

தடுக்க வேண்டிய நேரம் மரம் பச்சையாக இருக்கும்போதுதான். 10 லிட்டர் வெந்நீரில் 300 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 200 கிராம் போரிக் அமிலம் கரைத்து, பலகையை ஓரிரு நாள் மூழ்கடியுங்கள். பிறகு நெருக்கமாக அடுக்கி, தார்ப்பாயால் மூடி, நிழலில் நான்கு வாரம் வைத்துவிட்டுக் காயவிடுங்கள். ஈரத்தின் வழியாக மருந்து உள்ளே போகும். காய்ந்த மரத்தில் அது நடக்காது. கையுறை அவசியம். சில்வர் ஓக் தூளே சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும்.

வெளிநாட்டு ஓக் கதவில் ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை. (சூரமங்கலம்)

அசல் ஓக்கில் டானின் என்ற துவர்ப்புச் சத்து அதிகம். சில்வர் ஓக் வேறு குடும்பத்து ஆஸ்திரேலிய மரம், பெயர் மட்டுமே ஒன்று. டானினும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மைக்கறுப்பு வரும், ஆணியும் அரிக்கும். ஆணியைப் பிடுங்கி, ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்துத் தடவி, கறை மங்கியதும் நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். அது விஷம், குழந்தைகள் பக்கம் வைக்க வேண்டாம். பிறகு எவர்சில்வர் அல்லது பித்தளை ஸ்க்ரூ போடுங்கள். இரும்புக் கம்பி நாரால் தேய்க்கவே கூடாது. உதிரும் ஒவ்வொரு துகளும் ஒரு புள்ளியாகும்.

சில்வர் ஓக்கில் வெளிக்கேட் செய்யலாமா? (ஏற்காடு)

வேண்டாம். மழையும் மண்ணும் பட்டால் சீக்கிரம் மட்கும். வெங்கார மருந்தும் மழையில் கரைந்து போய்விடும். உள்ளறைக் கதவு, அலமாரி, மேற்கூரை அடிப்பலகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கு வைரம் பாய்ந்த தேக்கு போதும்.