கைவண்டியில் இடமிருக்கிறதா?

அன்புள்ள ஐயா,

புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்காக, 40 பில் மெஷின்களிடமிருந்து கணக்கு வாங்கும் புரோகிராம் ஒன்றை சி மொழியில் எழுதுகிறேன். ஒரு மெஷின் பேசாமல் நின்றால் மற்ற 39உம் சேர்ந்து நிற்கக் கூடாது. அதனால் எல்லாச் சொக்கெட்டுகளையும் (ஒவ்வொரு மெஷினோடும் உள்ள இணைப்பின் முனை) செலெக்டிடம் (பல இணைப்புகளில் எது தயார் என்று பார்த்துச் சொல்லும் கட்டளை) கொடுத்து, வாசிக்கலாமா, எழுதலாமா என்று இரண்டையும் கேட்கிறேன். காத்திருப்பு நேரம் பூச்சியம். சிபியு 100 வீதம் காட்டியது. ஒரு செக்கன் கொடுத்துப் பார்த்தேன், அப்போதும் 100 வீதம். செலெக்ட் பழசு என்பதாலா? அதே வேலையைச் செய்யும் புதிய இபோலுக்கு மாறட்டுமா?

– கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர்

அன்பின் தம்பி,

பழசுதான். 1983இல் 4.2 பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் இயங்குதளத்தோடு வந்தது. ஆனால் உங்கள் சிபியு கொதிப்பதற்கு அதன் வயது காரணமில்லை. இபோலிடம் போய் இதே கேள்வியைக் கேட்டாலும் இதே சூடுதான்.

பூச்சியம் கொடுத்தபோது நடந்தது இலகுவாக விளங்கும். செலெக்ட் நில்லாமல் உடனே திரும்பும், உங்கள் லூப் மறுபடி கேட்கும். வேறு வேலைக்கு நடுவே ஒருக்கால் எட்டிப் பார்க்கத்தான் பூச்சியம். வேறு வேலை இல்லையென்றால் நேரம் கொடுத்துத் தூங்க விட வேண்டும்.

ஒரு செக்கன் கொடுத்தும் அது ஏன் தூங்கவில்லை? அதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம். கெய்சர் வீதியில் ஒரு கடை வாசலில் கைவண்டி நிற்கிறது என்று வையுங்கள். அதுதான் கேர்னலிலுள்ள (இயங்குதளத்தின் மையப் பகுதி) அனுப்பும் பஃபர், அதாவது அனுப்ப வேண்டியதைத் தற்காலிகமாக வைக்கும் இடம். ‘எழுதலாமா’ என்ற கேள்விக்குப் பொருள், ‘வண்டியில் இடமிருக்கிறதா’ என்பது மட்டுமே. மறுமுனைக்குச் சாமான் போய்ச் சேர்ந்ததா என்று அது சொல்லாது. சின்னச் சின்ன பில் போகும் வண்டியில் எந்நேரமும் இடமிருக்கும். 40 வண்டியும் ‘இருக்கு, இருக்கு’ என்னும்போது செலெக்ட் எதற்காக ஒரு செக்கன் காத்திருக்கப் போகிறது?

ஆகவே எழுதும் பட்டியலில் சொக்கெட்டைச் சும்மா போட்டு வைக்காதீர்கள். முதலில் அனுப்பிப் பாருங்கள். பாதிதான் ஏறியது என்றால் மிச்சத்தை உங்களிடம் வைத்துக்கொண்டு, அந்தச் சொக்கெட்டை மட்டும் பட்டியலில் சேருங்கள். மிச்சம் போனதும் எடுத்துவிடுங்கள். (இதே பிழையை நானும் விட்டிருக்கிறேன். சேர்வரின் விசிறி இரைந்ததை ஏசி கோளாறு என்று இரண்டு நாள் நம்பியிருந்தோம்.)

இன்னொரு பொறி: மறுமுனை இணைப்பை மூடிவிட்டால் அந்தச் சொக்கெட் எப்போதும் ‘வாசிக்கலாம்’ என்றே சொல்லும். வாசித்தால் பூச்சியம் பைட் வரும். நீங்களும் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி 100 வீதம்.

செலெக்டின் ‘ஆம்’ சத்தியவாக்கும் அல்ல. லினக்ஸில் டேட்டா வந்துவிட்டது என்று அது சொன்ன பிறகு, செக்சம் (டேட்டா பழுதாகாமல் வந்ததா என்று பார்க்கும் எண்) பொருந்தாமல் கேர்னல் அதை வீசிவிடுவதுண்டு. நம்பி வாசிக்கப் போனால் அங்கேயே நின்றுவிடுவீர்கள். எனவே எல்லாச் சொக்கெட்டுகளையும் நொன்-புளொக்கிங்காக (காத்து நிற்காமல் உடனே திரும்பும் விதமாக) மாற்றிவிடுங்கள். அப்போது ‘இப்போது இல்லை, பிறகு வா’ என்ற பிழை எண்தான் வரும், புரோகிராம் நிற்காது. செலெக்ட் திரும்பும்போது பட்டியல்களை மாற்றி எழுதிவிடும் என்பதையும் மறவாதீர்கள், ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக நிரப்ப வேண்டும்.

இபோல் பற்றி: லினக்ஸில் செலெக்டுக்கு 1024க்குக் குறைந்த எண்ணுள்ள (கேர்னல் ஒவ்வொன்றுக்கும் இடும் எண்) சொக்கெட்டுகளைத்தான் கொடுக்கலாம், மீறினால் நினைவகம் கெடும். உங்களிடம் இருப்பது 40. எண்ணிக்கை கூடினால் முதலில் இதே வேலையைச் செய்யும் ‘போல்’ என்ற கட்டளை போதும் (தமிழ்ப் ‘போல்’ அல்ல), அதற்கு அந்த வரம்பு இல்லை. ஆயிரக்கணக்கில் வந்தால் இபோலைப் பற்றிக் கதைப்போம்.

எழுதும் பட்டியலை வெறுமையாக்கி, அதே ஒரு செக்கனோடு ஓட விட்டு, சிபியு எவ்வளவு காட்டுகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்.