நேட்டால் கப்பலேறியவரைத் தேடி: வாசகர் கேள்வி – பதில்

கொள்ளுத் தாத்தாவின் தம்பி ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து 1870 வாக்கில் கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனதாக வீட்டில் சொல்வார்கள். டெல்லியில் இருந்தபடியே அவரைத் தேட முடியுமா?
– வாசகி, ராமகிருஷ்ணபுரம்

முடியும். முதலில் அந்த 1870-ஐத் திருத்திக்கொள்ளுங்கள். 1866-இல் நின்ற ஒப்பந்தக் கூலி ஆளனுப்பல் 1874-இல்தான் மறுபடி தொடங்கியது; இடையில் கூலிக் கப்பலே கிடையாது. எனவே 1860–66, அல்லது 1874–1911 என்று இரண்டு கட்டங்களிலும் தேட வேண்டும்.

ஜன்பத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எடுத்த எடுப்பில் போகாதீர்கள். சாதாரணக் கூலியாளின் பெயர் அங்கே அகப்படுவது அபூர்வம். முதலில் பார்க்க வேண்டியது கப்பல் பட்டியல். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது முதல் 1911 வரை இறங்கிய 1,52,184 பேர் அதில் இருக்கிறார்கள். குவாசுலு–நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையம் அதைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம் என்று வரிசையாக இருக்கும்.

பெயரை மட்டும் வைத்துத் தேடுபவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். எழுதியவர் காதில் விழுந்ததே எழுத்தானது: முனுசாமி ‘மூன்சாமி’ ஆனார், கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனார், முதலி ‘மூட்லி’ ஆனார். பல குடும்பங்களில் தந்தை பெயரே அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராக நின்றுவிட்டது. ஆகவே தந்தை பெயர், தாலுகா, கிராமம் மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். வயதை ஐந்தாறு வருடம் முன்பின்னாக வைத்துக்கொள்ளுங்கள். வட ஆற்காடு ஜில்லா என்றிருந்தால் வேலூர், திருவண்ணாமலையோடு நிறுத்திவிட வேண்டாம். 1911 வரை சித்தூரும் அதற்குள்தான். உங்கள் ஊர் இன்று ஆந்திராவில் இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் உறவினர் யாராவது இருந்தால், பழைய ஒப்பந்த விடுதலைச் சான்றில் இருக்கும் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

எப்படித் தேடியும் அகப்படவில்லையா? அவர் சொந்தக் காசில் டிக்கெட் வாங்கிப் போனவராக இருக்கலாம். அவர்கள் இந்தப் பட்டியலில் வரமாட்டார்கள்.

கப்பல் பெயரும் ஆண்டும் கிடைத்துவிட்டன. இனி ஜன்பத்தில் எதைக் கேட்பது?
– வாசகர், மயூர் விகார்

‘எமிக்ரேஷன்’ (குடிபெயர்வு) பிரிவுக் கோப்புகளை. 1871-க்குப் பின் இவை வருவாய், வேளாண்மை, வணிகத் துறையின் கீழ் இருக்கும். 1905-க்குப் பின் வணிகம்–தொழில் துறைக்குப் போய்விடும். துறை மாறியது தெரியாமல் ஒரே அட்டவணையைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் பதிவு செய்துகொண்டு, கப்பல் பெயரைப் போட்டு வீட்டிலேயே முதல் சுற்றை முடித்துவிடுங்கள். நேரில் போகும்போது அடையாள அட்டை அவசியம். கேட்புச் சீட்டு ‘என்.டி.’ என்று திரும்பி வந்தால், அந்தக் கோப்பைத் துறை காப்பகத்திடம் ஒப்படைக்கவே இல்லை என்று பொருள். அங்கே யாரோடும் வாதாடிப் பயனில்லை. ‘பிரிட்டில்’ என்றால் தாள் நொறுங்கும் நிலை.

கிடைப்பவை பயண அறிக்கைகள், கப்பலில் இறந்தோர் கணக்கு, சம்பளப் புகார்கள். அங்கேயே 1875 மார்ச்சில் பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரி சாலிஸ்பரி பிரபு எழுதிய கடிதத்தையும் தேடிப் படியுங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியர்கள் குடியேற்ற நாட்டின் மற்றக் குடிகளுக்கு எவ்வகையிலும் குறையாத உரிமையோடு வாழ வேண்டும் என்பது அதன் சாரம். நேட்டால் செய்தது வேறு. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் தங்கியவர்கள் தலைக்கு ஆண்டுக்கு 3 பவுன் கட்ட வேண்டும் என்று 1895-இல் சட்டம் போட்டது. அது ஒழிய 1914 ஆயிற்று.

சர்வதேச மனித உரிமைச் சட்டம் யூதப் படுகொலைக்குப் பிறகு ஐரோப்பாவில் பிறந்தது என்றுதான் கல்லூரியில் படித்தேன். நேட்டால் இந்தியர் பிரச்சினைக்கும் அதில் பங்குண்டு என்கிறார்களே, எப்படி?
– சட்ட மாணவர், கரோல்பாக்

படித்தது தவறில்லை, அரைக் கதை. அந்தச் சட்டத்தின் முன்னோடிகளான லெம்கின், லாட்டர்பாக்ட் இருவரும் இன்றைய உக்ரைனின் லிவிவ் நகரத்தில் சட்டம் படித்தவர்கள். இருவருமே குடும்பத்தை நாஜிகளிடம் பறிகொடுத்தவர்கள். லெம்கின் 1944-இல் ‘ஜெனோசைடு’ என்ற சொல்லை உருவாக்கினார். அவர் பார்வை இனக்குழுவின் மீது. லாட்டர்பாக்டுக்குத் தனிமனிதரே முக்கியம். இந்த வேறுபாடு இன்றும் தீரவில்லை.

மற்ற அரை இதோ. தென்னாப்பிரிக்கா 1946-இல் இந்தியர்கள் நிலம் வாங்குவதற்குத் தடைபோட்டுச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியா அதே ஆண்டு ஐ.நா.வில் புகார் கொடுத்தது. சுதந்திரம் கிடைக்க இன்னும் ஓராண்டு இருந்தது. விஜயலட்சுமி பண்டிட் வாதாடினார். எதிரே தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். ஐ.நா. சாசன முகவுரையின் முதல் வரைவை எழுதியவரே அவர்தான்! “இது எங்கள் உள்விவகாரம்” என்று சாசனத்தின் 2(7) பிரிவைக் காட்டினார். டிசம்பர் 8 அன்று பொதுச்சபை 32–15 என்ற கணக்கில் இந்தியா பக்கம் நின்றது. 7 நாடுகள் வாக்களிக்கவில்லை. ஓர் அரசு தன் ஆளுகைக்குள் இருப்பவர்களை நடத்தும் விதத்தைப் பிற நாடுகள் கேட்கலாம் என்பதற்கு அது ஆரம்பகால முன்மாதிரி. மூன்று நாள் கழித்து, இனப்படுகொலை சர்வதேசக் குற்றம் என்ற தீர்மானம் நிறைவேறியது. அதை முன்மொழிந்த மூன்று நாடுகளில் கியூபா, பனாமாவோடு இந்தியாவும் ஒன்று. இதைப் பாடப் புத்தகங்கள் ஏன் விட்டுவிடுகின்றன என்று உங்கள் பேராசிரியரைத்தான் கேட்க வேண்டும்.

தீர்மானத்தால் அங்கே நிலைமை மாறவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள். 1948-இல் ஸ்மட்ஸ் தேர்தலில் தோற்றார். வந்தவர்கள் நிறவெறியை அரசுக் கொள்கையாகவே ஆக்கினார்கள்.

அந்தக் காலத்து ஐ.நா. வேலையில் இந்தியப் பெண்கள் வேறு யாரும் உண்டா?
– வாசகி, லோதி காலனி

ஹன்சா மேத்தா. மனித உரிமை ஆணையத்தில் இந்தியப் பிரதிநிதி. உலக மனித உரிமைப் பிரகடன வரைவின் முதல் பிரிவில் ‘எல்லா ஆண்களும்’ என்று படிக்க இடமிருந்த வாசகத்தை, ‘மனிதர் எல்லோரும்’ என மாற்றவைத்தவர். பிரகடனம் 1948 டிசம்பர் 10 அன்று ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 14 நள்ளிரவில், டெல்லி அரசியல் நிர்ணய சபையில் இந்தியப் பெண்கள் சார்பில் தேசியக் கொடியை வழங்கியவரும் அவரே.