வீட்டில் பார்ட்டி வைத்து டப்பா விற்கும் வேலையில் சேரலாமா?

சேலம் அம்மாபேட்டையில் பக்கத்து வீட்டு அக்கா தன் டீமில் சேரச் சொல்கிறார், மறுக்கத் தயக்கமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சேர வேண்டாம் என்பேன். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

அமெரிக்காவில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் டப்பர்வேர் நிறுவனம் 1950களில் கடை விற்பனையை விட்டு வீட்டு விருந்துக்கு மாறியது. பிரௌனி வைஸ் என்ற பெண்மணி அதை நடத்தினார். கடையில் விலை பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடலாம். தெரிந்தவர் வீட்டுக் கூடத்தில் காபி குடித்துவிட்டு வெறுங்கையோடு எழுந்திருக்க யாருக்கு மனம் வரும்? வாங்கியவர்கள் அதை மொய் போல நினைவில் வைத்திருப்பார்கள். நாளை அவர்கள் கூப்பிட்டால் நீங்களும் வாங்கியாக வேண்டும்.

சில சுற்றுகளிலேயே தெருவும் சொந்தமும் தீர்ந்துவிடும். பிறகு மாத இலக்குக்காகச் சொந்தக் காசில் சரக்கெடுப்பீர்கள், பரணில் டப்பா குவியும். பலகாரச் செலவையும் சூரமங்கலம் வரை டெலிவரி கொடுத்த பெட்ரோலையும் கமிஷனில் கழித்துப் பாருங்கள், கையில் நிற்பது சொற்பம். பணம்கூடப் போகட்டும், உங்கள் நம்பரைப் பார்த்ததும் நாத்தனார் போனை எடுக்காமல் விடுவதுதான் பெரிய நஷ்டம்.

பொருள் விற்பதைவிட ஆள் சேர்ப்பதற்கே பணம் என்றால் அது பிரமிடு திட்டம். 2021 நேரடி விற்பனை விதிகள் அதைத் தடை செய்கின்றன. நுகர்வோர் உதவி எண் 1915.

அக்காவிடம், "டப்பா ஒண்ணு வாங்கிக்கிறேங்க்கா, டீம் மட்டும் வேண்டாங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.