கடையில் ஆள் நிற்கவில்லையா? கேளுங்கள், சொல்கிறேன்

கும்பகோணத்தில் ஜவுளிக்கடை சேல்ஸ்மேனாக ஆரம்பித்தேன். இப்போது ஆள் எடுப்பதும் பழக்குவதும்தான் என் வேலை.

மன்னார்குடி, ஜவுளிக்கடை: தீபாவளிக்கு 12 பேரை எடுத்தேன், பொங்கலுக்கு 3 பேர்தான் மிச்சம். பக்கத்துக் கடையைவிடச் சம்பளம் அதிகம்தான் சார்.

ஐப்பசி பிறந்த பிறகு எடுத்திருப்பீர்கள். கூட்டம் நெரிக்கும்போது யார் பழக்குவது? ஆவணி முகூர்த்தம் முடிந்து புரட்டாசியில் கடை காற்று வாங்குமே, அப்போதே எடுங்கள். முதல் வாரம் கவுண்டரில் விடாமல் மடிப்பு, ரேக், திருபுவனம் பட்டுக்கும் சில்க் காட்டனுக்கும் வித்தியாசம் என்று பழக்குங்கள். மாமி ஒருவர் ஒன்பது கஜம் கேட்க, புதிதாகச் சேர்ந்த பெண் விழிக்க, சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்ட, மறுநாள் அந்தப் பெண் வரமாட்டாள்.

இன்னொன்று, பழைய சேல்ஸ்மேன் சொல்லித் தரமாட்டார், ஏனென்றால் புது ஆள் விற்றால் இவருடைய இன்சென்டிவ் போகும். நானே அப்படி மறைத்தவன்தான். இன்சென்டிவை ஆளுக்கு என்று வைக்காமல் கவுண்டருக்கு என்று வையுங்கள், அப்புறம் பாருங்கள்.

எடுக்கும்போதே இரண்டு கேள்வி: ராத்திரி கடை சாத்தினால் எந்த பஸ்ஸில் ஊருக்குப் போவாய்? வீட்டில் வயல் இருக்கிறதா? தை அறுவடைக்கு நாலு நாள் லீவு தராததால் ஆளையே இழந்த கடைகளைப் பார்த்திருக்கிறேன். சேர்ப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூலி கொடுத்து நிற்க வைத்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் தெரிந்துவிடும்.

திருவாரூர், செருப்புக்கடை: ஓடிப்போகாமல் இருக்க சர்டிபிகேட்டை வாங்கி வைக்கலாமா?

கூடாது. நகல் போதும்.

பாபநாசம்: வருகைப் பதிவுக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது?

எனக்குத் தெரியாத விஷயம். உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

மயிலாடுதுறை, பாத்திரக்கடை: உட்கார நாற்காலி போட்டால் சோம்பேறி ஆகிவிடுவார்களே?

2021-லேயே கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, இருக்கை தர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது. இது சலுகை இல்லை, கடமை.

தஞ்சாவூர்: வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதையா?

வந்ததும் எழுந்திருப்பார்கள். கல்லாவில் நீங்கள் உட்கார்ந்துதானே காசு வாங்குகிறீர்கள், யாராவது கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார்களா?

தஞ்சாவூர்: நான் முதலாளி சார்.

உங்கள் மூட்டும் அவர்கள் மூட்டும் ஒன்றுதான். எனக்கு இடது முழங்கால் போனது இப்படித்தான். ஒரு கடையில் இருந்த ஒரே ஸ்டூலையும் எடுத்து குடோனில் போட்டார்கள்.

கும்பகோணம், சேல்ஸ் வேலை பார்ப்பவர்: எங்கள் கடையில் நாற்காலி இருக்கிறது சார், மேலே சேலை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

பார்த்தீர்களா தஞ்சாவூர்காரரே!

மயிலாடுதுறை: சரி, ஸ்டூல் போடுகிறேன். எத்தனை?

கவுண்டருக்கு இரண்டு. அதில் சரக்கு வைக்காதீர்கள்.

சீர்காழி: அட்வான்ஸ் வாங்கிவிட்டு நின்றுவிடுகிறார்கள். ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்தால்?

மறுபடியுமா? திருவாரூர்காரருக்குச் சொன்னதுதான். சம்பளம், சர்டிபிகேட் எதையும் பிடித்து வைக்காதீர்கள். பிடித்து வைக்கும் கடை என்று பெயர் வந்தால் பஸ் ஸ்டாண்டிலேயே சொல்லி ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அட்வான்ஸைச் சின்னதாகக் கொடுங்கள், எழுதி வாங்குங்கள்.

நாகப்பட்டினம்: நல்ல ஆள் எங்கே கிடைப்பார்கள்?

போன வருஷம் உங்களை விட்டுப் போனவர்களில் இரண்டு பேருக்குப் போன் போட்டு, ஏன் போனீர்கள் என்று கேளுங்கள். திட்டினாலும் குறுக்கே பேசாதீர்கள். எனக்குக் கடை திறக்க நேரமாகிவிட்டது, மிச்சம் ராத்திரி.