ஹீத்தின் வௌவாலும் சேலமும்

மதிப்பிற்குரிய ஐயா,

மஞ்சள் வௌவாலின் அறிவியல் பெயரான ஸ்கோட்டோஃபிலஸ் ஹீத்தீ, ஜோசையா மார்ஷல் ஹீத்தின் நினைவாக இடப்பட்டது என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிக அதிகாரியாகச் சேலத்தில் இருந்தவர் அவர். அப்படியானால் அந்த வௌவால் முதலில் பிடிபட்டது நம் ஊரில்தான் என்று உரிமை கோரலாமா?

வாசகர், அஸ்தம்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

ஆசை எனக்கும் உண்டு. ஆனால் சான்று அவ்வளவு தூரம் வரவில்லை.

ஓர் இனத்துக்குப் பெயர் சூட்டியவர் எந்த உடலைக் கையில் வைத்து விவரித்தாரோ, அதுவே மூலமாதிரி. பின்னாளில் அந்தப் பெயர் எந்த விலங்குக்கு உரியது என்று வழக்கு எழுந்தால், சாட்சி சொல்ல வேண்டியதும் அதுதான். 1831இல் லண்டன் விலங்கியல் கழகத்தில் இயற்கையியலாளர் ஹார்ஸ்ஃபீல்ட் இந்த வௌவாலை விவரித்தபோது, ஹீத் அன்பளிப்பாகத் தந்தது என்றும் மதராஸிலிருந்து வந்தது என்றும் குறித்தார். அன்றைய லண்டனில் மதராஸ் என்றால் நகரமாகவும் இருக்கலாம், மாகாணமாகவும் இருக்கலாம், பெட்டி கப்பலேறிய துறைமுகமாகவும் இருக்கலாம். சேலம் அந்த மாகாணத்துக்குள் இருந்தது உண்மையே. ஆனால் ஹீத் இரும்பாலை நிறுவிய பரங்கிப்பேட்டையும் அதற்குள்தானே இருந்தது? மேலும், அன்பளித்தவரே பிடித்தவர் என்று கொள்ளவும் இடமில்லை. வௌவாலின் இயல்பும் நமக்கு உதவாது. கட்டடங்களின் இடுக்குகளில் அடைந்து நாடெங்கும் வாழும் இனம் அது. ஏற்காட்டுக் குளிரில் மட்டுமே வாழும் ஒன்றாக இருந்திருந்தால் கதை வேறு.

அக்கழகத்தின் அருங்காட்சியகம் 1855இல் கலைக்கப்பட்டு, அதன் சேகரிப்பில் பெரும்பகுதி பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது. இப்படிக் கைமாறும் மாதிரிகளுக்குப் புதுச் சீட்டு எழுதுபவர், பழைய சீட்டில் இருந்ததையெல்லாம் அப்படியே பெயர்த்திருப்பார் என்று நம்ப முடியாது. எனவே இன்று காலில் கட்டியிருக்கும் சீட்டைவிட, முதல் விவரணையும் பொருள் வந்து சேர்ந்த நாளின் வரவுப் பதிவேடும் கொடுத்தவரின் கடிதங்களுமே வலுவான சான்றுகள்.

இதற்கு நேர்மாறான நிகழ்வும் நம் மாநிலத்திலேயே உண்டு. 1948இல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் பிடித்த பழந்தின்னி வௌவால் ஒன்று, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் இடம் சரியாகவும் இனப்பெயர் தவறாகவும் குறிக்கப்பட்டுக் கிடந்தது. அது புதிய இனம் மட்டுமன்று, புதிய பேரினமே என்று 1972இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லொங்யா கண்டறிந்து, சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். பெயர்ப் பிழையை மாதிரியின் பற்களையும் மண்டையோட்டையும் பார்த்தே திருத்திவிடலாம். தொலைந்த இடத்தை அவற்றிலிருந்து மீட்பது அரிது.

சீட்டில் சேலம் என்றே எழுதியிருந்தாலும் உடனே மகிழ்ந்துவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1965 வரை தருமபுரியும் ஓசூரும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. நாமக்கல் 1997இல் பிரிந்தது. வெளிநாட்டு அருங்காட்சியகமாக இருந்தால், அது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் சேலமா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே மூலமாதிரியின் இடம் மதராஸ் என்றே எழுதுங்கள். ஹீத் சேலத்தில் பணியாற்றியதையும் எழுதலாம். ஆனால் தனி வாக்கியமாக எழுதுங்கள். இரண்டையும் 'ஆகவே' என்ற சொல்லால் மட்டும் இணைத்துவிடாதீர்கள்.